இரவில் காய்ச்சல் கண்ட குழந்தையை எப்போது சேலத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும்?

நாகலூர் தாய்:
ஏற்காட்டை அடுத்த நாகலூரில் வசிக்கிறோம். என் மகளுக்கு ஒன்றரை வயது. நள்ளிரவில் அவளுக்குக் காய்ச்சல் ஏறும்போதெல்லாம், பனிமூட்டத்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் செல்வதா, விடியும்வரை பொறுத்திருப்பதா என்று தெரியாமல் வீடே கலங்கிவிடுகிறது. உடம்பு கொதித்தால் காத்திருக்கவே கூடாது என்கிறார் மாமியார். வெப்பமானி காட்டும் அளவை வைத்து முடிவு செய்யலாமா?

செவிலியர், குழந்தைகள் பிரிவு:
சகோதரி, மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி இருந்தாலே உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் மகளின் வயதில் அளவை மட்டும் நம்ப முடியாது. 103 டிகிரி இருந்தும் சூடு தணிந்தவுடன் எழுந்து விளையாடும் குழந்தையைவிட, 100 டிகிரியில் துவண்டு கிடந்து, அழைத்தாலும் கண் திறக்காத குழந்தையைப் பார்த்தால்தான் எங்களுக்குக் கவலை அதிகம்.

அவசரப் பிரிவில் குழந்தையைத் தொடுவதற்கு முன்பே, அது தாயின் மடியில் இருக்கும்போதே, முகத்தெளிவு, மூச்சு, தோலின் நிறம் ஆகிய மூன்றையும் பார்த்துவிடுவோம். தொட்டால் அழும், அழுதால் மூச்சின் கணக்கு மாறிவிடும். நீங்களும் அவள் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் அந்த எல்லை 50, இரண்டு மாதத்துக்குள் 60. வேகமான மூச்சு என்றால் காட்டியாக வேண்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்வாங்கினாலோ, முனகல் கேட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால்கூடக் குடிக்க முடியாவிட்டாலோ, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலோ விடியலுக்குக் காத்திருக்காதீர்கள்.

மலைக்குளிரில் கை கால் சில்லிட்டிருப்பது இயல்பு என்பதால் அதை வைத்து ரத்த ஓட்டத்தைக் கணிக்க வேண்டாம். நடுநெஞ்சில் விரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். வெளிறிய இடம் மூன்று விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும்.

அவசர ஊர்தி ஊழியர்:
குழந்தையைப் போர்வையில் சுற்றி, இரு சக்கர வண்டியில் இருவருக்கு நடுவே வைத்து இறங்குவதைத் தயவுசெய்து தவிர்க்கவும். வழியில் மூச்சு மாறினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. 108-ஐ அழையுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் நேரே சேலம் போவதைவிட, முதலில் ஏற்காட்டிலேயே காட்டி, ஆக்சிஜன் வைத்துக்கொண்டு இறங்குவதே பாதுகாப்பு.

ஆத்தூர் ஆசிரியை:
வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ எதுவும் வேண்டாம். இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதால் பயனில்லை, அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள்; ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பெரும் ஆபத்து. முதன்முறை வந்த வலிப்பு உடனே நின்றாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இன்னொன்று: சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கற்பூரமே சிறு குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கக் கூடியது. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நாகலூர் தாய்:
அனைவருக்கும் மிக்க நன்றி. தூங்கும் குழந்தையை எழுப்பிப் பார்க்க வேண்டுமா? பாரசிட்டமால் எவ்வளவு கொடுக்கலாம்?

செவிலியர், குழந்தைகள் பிரிவு:
தூங்கும்போதுதான் மூச்சை எண்ணுவது எளிது. நான் சொன்ன எல்லைக்குள் மூச்சு சீராக இருந்தால் தூங்கட்டும். பால் கொடுக்கும் நேரத்தில் வழக்கம்போல் விழிக்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். பாரசிட்டமால் ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேர இடைவெளியில் கொடுக்கலாம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் கொண்ட பாட்டிலும் 250 கொண்ட பாட்டிலும் கடையில் கிடைக்கின்றன. சொட்டு மருந்தோ இவற்றைவிட அடர்த்தியானது. ஆகவே பாட்டில் மாறும்போதெல்லாம் அளவும் மாறும். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது மகளை எடை பார்த்து, வீட்டிலுள்ள பாட்டிலையே காட்டி, எத்தனை மில்லி என்று அதன் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.