கால்நடைக்கு நோய் வந்ததை உலகத்துக்குச் சொல்வதால் யாருக்கு லாபம்?

சரக்குக்கணக்கர் கேட்டது:

வணக்கம். நான் கால்நடை மருத்துவனும் இல்லை, ஆடு மாடு வளர்ப்பவனும் இல்லை. கடல்சரக்குக் காப்பீட்டில் இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவன். இரண்டு வாரங்களாக ஒரு கோப்பு என் மேசையை விட்டு நகர மறுக்கிறது. சில ஆயிரம் செம்மறி ஆடுகளை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் புறப்படுகிறது. அது நடுக்கடலில் இருக்கும்போது, ஏற்றுமதி செய்த நாடு தன் எல்லைக்குள் ஓர் இடத்தில் ஆட்டுக்கொல்லி நோய் கண்டதாகப் பன்னாட்டு அமைப்புக்கு முறைப்படி அறிவிக்கிறது. உடனே இறக்குமதித் துறைமுகம் கதவை மூடிவிட்டது. கப்பலில் இருந்த ஆடுகளில் ஒன்றுக்குக்கூட மூக்கில் நீர் வடியவில்லை. அவை புறப்பட்ட மாவட்டத்துக்கும் நோய் கண்ட மாவட்டத்துக்கும் நடுவே நெடுந்தூரம்.

கோப்பைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த நாடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஆடுகள் இறங்கியிருக்கும், பணமும் வந்திருக்கும். உண்மை சொன்னதற்குக் கிடைத்தது தண்டனை. அப்படியிருக்க, எந்த நாடு எதற்காகச் சொல்லப்போகிறது? இந்தப் பன்னாட்டு ஒத்துழைப்பு என்பது கொடிகளை வரிசையாக நட்டுப் படம் எடுத்துக்கொள்வதைத் தாண்டி, ஒரு நோயையாவது மனிதரிடம் வராமல் தடுத்திருக்கிறதா? கிண்டலுக்குக் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய நுண்நோக்கி எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வி ஒரு கப்பலில் தொடங்குகிறது. நீங்கள் குறைசொல்லும் அமைப்பும் ஒரு கப்பலில்தான் தொடங்கியது. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்கு அனுப்பப்பட்ட திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அவற்றோடு, மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் வெக்கை நோயும் (ரிண்டர்பெஸ்ட்) இறங்கியது. மாடுகள் போக வேண்டிய இடம் வேறு, பெல்ஜியம் வெறும் இடைத்தங்கல். ஆனாலும் நோய் பிடித்துக்கொண்டது பெல்ஜியத்து மாட்டுத் தொழுவங்களை. மறு ஆண்டே பாரிஸில் நாடுகள் கூடிப் பேசின. 1924 ஜனவரி 25 அன்று 28 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அப்படிப் பிறந்ததுதான் இன்று உலக விலங்குச் சுகாதார அமைப்பு என்று சொல்கிறோமே, அது. மனிதர்களுக்கான உலக சுகாதார அமைப்பு 1948இல்தான் வந்தது. மனிதனுக்கு முன்பே மாட்டுக்கு வந்துவிட்டது என்று எங்கள் துறையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பெருமைப்பட வேறு அதிகம் இல்லை, விட்டுவிடுங்கள்.

நான் இருபத்தாறு ஆண்டுகள் நோயறி ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். அறிவிப்பு என்றால் என்ன என்று சொல்கிறேன். பட்டியலில் உள்ள ஒரு நோய் முதல் முறையாகவோ, அற்றுப்போனதாகக் கருதப்பட்டுத் திரும்பவுமோ தலைகாட்டினால், அது உறுதியானதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அந்த நாட்டின் தலைமைக் கால்நடை அதிகாரி அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு வாரம் ஓர் அறிக்கை. அறிவிக்கும் முன்பு அந்த அறையில் என்ன நடக்கும் தெரியுமா? நான் இரண்டு முறை உள்ளே இருந்திருக்கிறேன். ஆய்வகத் தாள் மேசைமேல் கிடக்கும். யாரும் அதைக் கையில் எடுக்க மாட்டார்கள். "இன்னொரு முறை சோதித்துப் பார்க்கலாமா?" என்பார் ஒருவர். அறிவியல் கேள்விபோல ஒலிக்கும் அது, உண்மையில் உங்கள் கப்பலைப் பற்றிய கேள்வி.

ஆகவே உங்கள் கோபம் நியாயம். அந்த நியாயத்தை விதி எழுதியவர்களும் அறிவார்கள். உலக வர்த்தக அமைப்பு 1995இல் தொடங்கியபோதே, அதன் சுகாதார ஒப்பந்தம் ஒன்றைச் சொல்லிவிட்டது: ஒரு நாட்டின் ஒரு பகுதியில் நோய் இருந்தால், நோயற்ற பகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டும், முழு நாட்டையும் ஒரே கோணியில் கட்டக் கூடாது. பறவைக் காய்ச்சலில் இது இன்னும் தெளிவு. காட்டில் செத்து விழுந்த ஒரு வாத்தில் வைரஸ் இருப்பதாக ஒரு நாடு அறிவித்தால், அதைக் காரணம் காட்டி அந்த நாட்டுக் கோழி வணிகத்தைத் தடைசெய்யக் கூடாது என்று விலங்குச் சுகாதார அமைப்பின் விதித்தொகுப்பே சொல்கிறது. இந்த ஒரு வரி இல்லாவிட்டால், ஏரிக்கரையில் செத்த பறவையை எவரும் குனிந்து எடுக்க மாட்டார்கள்.

விதி இருக்கிறது, துறைமுகம் கேட்கவில்லை. உங்கள் கோப்பில் நடந்தது அதுவாக இருக்கலாம். சுகாதாரச் சான்றிதழின் வாசகத்தைப் பாருங்கள். "நாடு" என்று எழுதியிருக்கிறதா, "மண்டலம்" என்றா?

இரவுப்பணி எழுதியது:

நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவன். அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாடுகளுக்கு இடையே பேசுவது இருக்கட்டும், பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் கால்நடை மருத்துவரோடு நாங்கள் பேசுவதில்லை.

1998, 99இல் மலேசியாவில் பன்றி வளர்ப்பவர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும் நோய். இங்கே செத்தவர்கள் பெரியவர்கள், அதுவும் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்கள், சிலர் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். அந்தப் பன்றிகள் ஏற்கெனவே குரைப்பதுபோல் இருமிக்கொண்டிருந்தன. அந்த இருமல் எங்கள் நோயாளிக் குறிப்பேட்டில் ஏறவே ஏறாது, ஏனென்றால் அதில் பன்றிக்குக் கட்டம் கிடையாது. மலாயாப் பல்கலைக்கழகத்து சுவா காவ் பிங் மாதிரியை எடுத்துக்கொண்டு அமெரிக்க ஆய்வகத்துக்குப் போய், அது புதிய வைரஸ் என்று தெரிந்தது 1999 மார்ச்சில். நிபா. அதற்குள் பன்றிகள் சிங்கப்பூர் போய்விட்டன, அங்கே இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்று, ஒருவர் மரணம். மலேசியாவில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள், சுமார் 10 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன.

கணக்கர் ஐயா, வாயை மூடிக்கொண்டிருந்தால் லாபம் என்கிறீர்கள். அந்த லாபத்தின் கணக்கை ஒரு கோப்பு அளவில் போடாதீர்கள்.

உப்புக்கல் எழுதியது:

எல்லாரும் நல்லவர்களாகப் பேசுகிறீர்கள். 2007இல் இந்தோனேசியா என்ன செய்தது என்று யாரும் ஏன் சொல்லவில்லை? பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை இனிமேல் உலக சுகாதார அமைப்பின் வலைப்பின்னலுக்குத் தர மாட்டோம் என்று நிறுத்தியது. காரணம் எளிது. அவர்கள் நாட்டு நோயாளியின் மாதிரி இலவசமாகப் போகிறது, அதிலிருந்து யாரோ தடுப்பூசி செய்கிறார், அந்தத் தடுப்பூசியை வாங்க அவர்களிடமே பணம் இல்லை. உலகமே அவர்களைத் திட்டியது. ஆனால் 2011இல், பெருந்தொற்று இன்ஃப்ளூயென்சா வைரஸைப் பகிர்ந்தால் பலனிலும் பங்கு உண்டு என்ற ஏற்பாடு வந்தது அந்தப் பிடிவாதத்தால்தான். அதுவும் இன்ஃப்ளூயென்சாவுக்கு மட்டும். 2025 மே மாதம் பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றபோதும், மாதிரியும் பலனும் பற்றிய பகுதியைப் பிற்பாடு பேசலாம் என்று தனி இணைப்பாக ஒதுக்கிவைத்துத்தான் ஏற்றார்கள். கொடுப்பது ஒரு பக்கம், கொள்வது ஒரு பக்கம் என்றால் அதற்கு ஒத்துழைப்பு என்றா பெயர்?

பழைய நுண்நோக்கி எழுதியது:

உப்புக்கல் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். மாதிரி போகும் பாதையில் நின்றவள் நான். அதை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் மாநாட்டு அறிக்கைகளில் அட்டைப்பெட்டி வராது.

கோழிகளின் தொண்டையிலிருந்து எடுத்த பஞ்சுக்குச்சி மாதிரிகள், இருபது குழாய். நோயை இறுதியாக உறுதிசெய்யும் வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு குழாயின் மூடியையும் படலத்தால் சுற்றி, உறிஞ்சுபஞ்சில் வைத்து, திருகு மூடி போட்ட இரண்டாம் கலத்தில் இறக்கி, அதை வெளிப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் உலர்பனிக்கட்டி கொட்ட வேண்டும். வெளியே, உள்ளே இருப்பது உயிரியல் மாதிரி என்று காட்டும் யு.என். 3373 என்ற சாய்சதுர முத்திரை, உலர்பனிக்கட்டிக்கு யு.என். 1845. பெட்டியை எவ்வளவு கவனமாக மூடினாலும் காற்றுப்புகாமல் மூடிவிடக் கூடாது. உலர்பனி உருகி நீராவதில்லை, வாயுவாகப் போகும். வழி இல்லாவிட்டால் பெட்டி வெடிக்கும். புதிதாக வந்த பையன் ஒருவன் அன்பாக நான்கு பக்கமும் நாடா ஒட்டியதைக் கண்டு நான் போட்ட கூச்சல் இன்னும் அந்தக் கட்டடத்தில் இருக்கும்.

பெட்டி விமானம் ஏறியது. இறங்கிய இடத்தில், இறக்குமதி அனுமதிச் சீட்டின் கெடு முந்தைய நாளோடு முடிந்திருந்தது. தவறு எங்கள் பக்கம் பாதி, அவர்கள் பக்கம் பாதி. புதிய சீட்டு வர ஒன்பது நாள். உலர்பனிக்கட்டியின் ஆயுள் நான்கு நாள். கடைசியில் எங்களுக்கு வந்த மின்னஞ்சலில் ஒரே வரி: "மாதிரிகள் சோதனைக்குத் தகுதியற்றவை." அந்தக் கோழிகள் அதற்குள் புதைக்கப்பட்டுவிட்டன, மறுபடி எடுக்க வழியில்லை. அவற்றுக்கு வந்தது எந்த வகை வைரஸ் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒத்துழைப்பு தோற்பது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை, ஒரு தேதி தவறிவிட்டது.

இனி, தடுத்ததுண்டா என்ற கேள்வி. வெக்கை நோய் 2011இல் பூமியிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு ஒழிந்தது அது ஒன்றுதான். கடைசியாக அந்நோய் கண்டது உறுதிசெய்யப்பட்டது 2001இல், கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில், காட்டெருமைகளில். கால்நடை அறிவியலாளர் வால்டர் ப்ளோரைட் உருவாக்கிய தடுப்பூசி அருமையானது, ஆனால் குளிர்பெட்டி வேண்டும். நோய் எஞ்சியிருந்ததோ மின்சாரமும் சாலையும் எட்டாத மேய்ச்சல் நிலங்களில். அதே தடுப்பூசியை ஒரு மாதம் வரை குளிர்பெட்டி இல்லாமல் தாங்கும்படி மாற்றினார்கள். அதன் பிறகு மேய்ப்பர்களையே பழக்கி ஊசி போடவைத்தார்கள். எந்த மந்தையில் நோய் மறைந்து கிடக்கிறது என்பது பட்டம் வாங்கிய எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அறிவிக்கும் மேய்ப்பனுக்குத் தண்டனை கிடைக்கவில்லை, ஊசி கிடைத்தது. சொல்வதால் யாருக்கு லாபம் என்று கேட்டீர்களே, லாபத்தை இப்படிச் செய்துதான் கொடுக்க வேண்டும், தானாக வராது.

சரக்குக்கணக்கர் எழுதியது:

ஆன்ட்வெர்ப் கதை எனக்குப் புதிது, நன்றி. ஆனால் அம்மா, வெக்கை நோய் மனிதருக்கு வராதே? நான் கேட்டது மனிதரிடம் வராமல் தடுத்ததைப் பற்றி.

பழைய நுண்நோக்கி எழுதியது:

பிடித்துவிட்டீர்கள். வராதுதான், மாடு செத்ததால் பட்டினியில் மனிதர் செத்தார்களே தவிர. சரி, ரேபிஸை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாயிடமிருந்து. இலத்தீன் அமெரிக்க நாடுகள் 1983இல் கூடி, கடிபட்ட மனிதனுக்குப் பின்னால் ஓடுவதோடு நிற்காமல் நாய்களுக்கே ஊசி போடுவது என்று முடிவெடுத்தன. ஒரு நாடு மட்டும் போட்டால் எல்லை தாண்டி நாய் வரும் என்பதால் சேர்ந்து போட்டன. ஓரிடத்து நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் சங்கிலி அறுந்துவிடும். 2019இல் மெக்சிகோவுக்கு, நாய்வழி ரேபிஸால் மனித மரணம் இல்லாத முதல் நாடு என்று உலக சுகாதார அமைப்பின் ஒப்புதல் கிடைத்தது. அதே வேளையில் உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதே நோயில் சாவதாக மதிப்பீடு. ஊசி இருக்கிறது, வழி தெரியும், நாய்க்கு யார் செலவழிப்பது என்பதில்தான் சுகாதாரத் துறையும் கால்நடைத் துறையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கின்றன.

இரவுப்பணி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பட்ஜெட்டில் நாய் என்ற சொல்லே இல்லை.

சரக்குக்கணக்கர் எழுதியது:

சான்றிதழை எடுத்துப் பார்த்துவிட்டேன். நான்காவது பத்தி: "ஏற்றுமதி செய்யும் நாடு இந்நோயற்றது." மண்டலம் என்ற சொல் எங்குமே இல்லை. இரு அரசுகளும் பல ஆண்டுகளுக்கு முன் ஒப்புக்கொண்ட படிவமாம், அன்றிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. அதாவது அறிவிப்பு வந்த நிமிடமே அந்தப் பத்தி பொய்யாகிவிட்டது, துறைமுக அதிகாரி வேறு எதுவும் செய்திருக்க முடியாது. நான் அறிவித்தவர்கள்மேல் எரிச்சல்பட்டேன். படிவத்தைத் திறந்து பார்க்காதவர்கள்மேல் பட்டிருக்க வேண்டும்.

பழைய நுண்நோக்கி எழுதியது:

அதேதான் நினைத்தேன். அந்தப் பத்தியின் நகலை உங்கள் அறிக்கையோடு இணைத்து அனுப்புங்கள், இழப்பீடு யாருக்குப் போனாலும். ஒன்று கேட்க மறந்தேன்: அந்த ஆடுகள் என்னவாயின? கப்பலில் தீவனம் எத்தனை நாளுக்கு இருந்தது?

சரக்குக்கணக்கர் எழுதியது:

பதினோரு நாளுக்கு. ஒன்பதாம் நாள் வேறொரு நாடு இறக்கிக்கொண்டது, பாதி விலைக்கு. வழியில் செத்தவை 43 என்று கப்பல் பதிவேட்டில் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் "வெப்பம்" என்று எழுதியிருக்கிறார்கள். எதற்கும் மாதிரி எடுத்ததாகக் குறிப்பு இல்லை.