மேலவீடு குடும்பம்: குட்டையும் டிக்கெட்டும்

கார்த்தி: சித்தப்பா, அவசரம். பண்ணைக்குட்டையில் ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு விடச் சொல்கிறார் ஒருவர். ஆறே மாதத்தில் கிலோ மீனாம். நிஜமா? நீங்கள் அந்தப் பக்கம்தானே இருக்கிறீர்கள்.

செல்வி அத்தை: யார் குட்டை?

அம்மா: தம்பி, அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டாச்சா? முதலில் அதைச் சொல்லுங்க.

ஆப்பிரிக்கா சித்தப்பா: கார்த்தி, விடாதே. மத்திய அரசு 2000லேயே தடை போட்ட மீன் அது. காற்றையும் சுவாசிக்கும், மழை நாளில் ஈரத் தரையில் ஊர்ந்தே அடுத்த குளத்துக்குப் போய்விடும். அப்புறம் நம் ஊர்த் தேளி, கெண்டைக் குஞ்சு எதுவும் மிஞ்சாது.

கிலோக் கணக்குக்கு வருகிறேன். எத்தியோப்பியாவில் நான் இருக்கும் அர்பா மிஞ்சு ஊருக்குக் கீழே சாமோ ஏரி. அங்கே கெளுத்திக்கு அம்பாசா என்று பெயர். போன சனிக்கிழமை படகுத்துறையில் இரண்டை அளந்தேன். வலையை முதலை பாதி கிழித்திருந்தது, மீன்காரர் கடுப்பில் இருந்தார். இரண்டும் மூக்கு முதல் வால் நுனி வரை 50 செ.மீ. ஒன்று 900 கிராம், மற்றது 690.

கார்த்தி: அப்போ 690 குட்டி மீன்?

ஆப்பிரிக்கா சித்தப்பா: நீளம் ஒன்றுதானே! 50ஐ 50ஆல் பெருக்கு, மறுபடி 50ஆல் பெருக்கு, 1,25,000. எடையை அதால் வகுத்து நூறால் பெருக்கு. பெரியவருக்கு 0.72, மற்றவருக்கு 0.55. நீளத்துக்கு எவ்வளவு சதைப்பிடிப்பு என்று காட்டும் இதை உடல்நிலைக் குறியீடு என்போம். கெளுத்தி நீட்டு உடம்பு, ஒன்றுக்குக் கீழே இருப்பது சகஜம். திலாப்பியா அகல உடம்பு, ஒன்றைச் சுலபமாகத் தாண்டும்.

செல்வி அத்தை: உன் மாமாவுக்குப் போடேன். 170 செ.மீ., 85 கிலோ.

ஆப்பிரிக்கா சித்தப்பா: 1.73. திலாப்பியா.

மாமா: நான் குழுவில்தான் இருக்கிறேன்.

நான்: 😂😂

ஆப்பிரிக்கா சித்தப்பா: 690ஐ அறுத்துப் பார்த்தோம். பெண் மீன். முட்டைப் பை சுருங்கிக் காலியாகத் தொங்கியது. மழையில் கரைப் புல்வெளி மூழ்கும்போது அங்கே போய் முட்டையிட்டுவிட்டு வந்திருக்கும். 900இன் வயிற்றில் முழுசாக இரண்டு திலாப்பியாக் குஞ்சு. ஒரே ஏரி, ஒரே நீளம், வேறு வேறு வாழ்க்கை. வயது தெரிய வேண்டுமானால் மீனின் காதுக்குள் இருக்கும் சின்னக் கல்லை, செவிக்கல்லை, எடுத்து வளையம் எண்ண வேண்டும். அதனால் ‘ஆறு மாதம், ஒரு கிலோ’ என்பது மீனின் கணக்கே அல்ல, கொட்டுகிற தீனியின் கணக்கு. நம் ஊர்ப் பக்கம் கோழிக்கழிவைக் கொட்டித்தான் ஊத வைக்கிறார்கள்.

அம்மா: டிக்கெட்?

பெரியப்பா: 🙏

செல்வி அத்தை: அந்த மீனை நீ சாப்பிட்டாயா தம்பி?

ஆப்பிரிக்கா சித்தப்பா: வறுவல் நன்றாகத்தான் இருந்தது அக்கா. இங்கே செதிள் இல்லாத மீனைப் பலர் தொட மாட்டார்கள், பழைய ஏற்பாட்டில் விலக்கு. ஈஸ்டருக்கு முந்திய 55 நாள் விரதத்தில் கறி, பால் இல்லாததால் மீனுக்குக் கிராக்கி. அப்போதும் திலாப்பியாதான் முதலில் தீரும்.

மாமா: மறுபடியும் திலாப்பியாவா.

நான்: கார்த்தி, கட்லா, ரோகு விட்டால் என்ன?

செல்வி அத்தை: எதை விட்டாலும் குட்டையில் எனக்கும் பங்கு உண்டு. கிணற்று மோட்டார் கதை மாதிரி ஆகிவிடக் கூடாது.

பெரியப்பா: அந்தப் பேச்சு இங்கே எதற்கு?

செல்வி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: தம்பி, டிக்கெட்!

ஆப்பிரிக்கா சித்தப்பா: விடுப்பு இன்னும் கையெழுத்தாகவில்லை அண்ணி. இன்று ராத்திரி 2 மணிக்குச் சொல்கிறேன்.

அம்மா: 2 மணி வரை யார் முழித்திருப்பது?

ஆப்பிரிக்கா சித்தப்பா: இந்த ஊர்க் கடிகாரத்தில் 2. அந்தி சாய்ந்ததிலிருந்து எண்ணுவார்கள். உங்களுக்கு இரவு பத்தரை.

மாமா: இவனிடம் மணி கேட்டாலும் வகுத்துப் பெருக்கித்தான் சொல்வான்.

கார்த்தி: சித்தப்பா, ஒரு சின்ன விஷயம். முன்பணம் 5,000 நேற்றே அனுப்பிவிட்டேன்.

பெரியப்பா: யார் பணம்?

செல்வி அத்தை: அண்ணா, மண்டபத்துக்குக் கொடுக்க வைத்திருந்ததா?

கார்த்தி: போன் பண்ணுகிறேன் அப்பா.