செண்டுமல்லி தலை தொங்குது
குழு: மூணாவது தெரு மாடித்தோட்டம்

செல்வி: என் செண்டுமல்லிய பாருங்க 😭 நேத்து மத்தியானம் தலை தொங்குச்சு, சாயங்காலம் நிமிந்துருச்சு, வெயிலுக்குத்தான்னு விட்டுட்டேன், இன்னைக்கு காலைல மொத்தமா படுத்துருச்சு, மொட்டு பூரா அப்படியே இருக்கு

பாலு: தண்ணி ஊத்தலயோ

செல்வி: மண்ணு ஈரமாத்தான் இருக்குண்ணே

பாலு: அப்ப வேர் அழுகலு. பூஞ்சை மருந்து கரைச்சு ஊத்து

ஜெயா டீச்சர்: பாலு இரு. செல்வி, இலை மஞ்சளாச்சா, பச்சையாவே வாடுச்சா?

செல்வி: பச்சையாவே டீச்சர், கீரை வதங்குன மாதிரி

ஜெயா டீச்சர்: அடித்தண்டுல ஒரு விரல் நீளம் அறுத்துக்க. கண்ணாடி டம்ளர்ல நல்ல தண்ணி எடுத்து அறுத்த பக்கம் லேசா முங்குற மாதிரி பிடி, ஆட்டாத, அஞ்சு நிமிஷம். பின்னாடி கருப்புத்துணி வச்சா நல்லா தெரியும்

செல்வி: டீச்சர்ர்ர் 😳 ஊதுபத்தி புகை மாதிரி வெள்ளையா நூல் நூலா கீழ எறங்குது!!

ஜெயா டீச்சர்: அதேதான். பாக்டீரியா வாடல், ரால்ஸ்டோனியான்னு பேரு. தண்டுல தண்ணி ஏறுற குழாய் பூரா பெருகி அடைச்சிரும், மண்ணுல ஈரம் இருந்தும் செடி தாகத்துல சாகும். பூஞ்சை வாடல்னா இப்படி ஒழுகாது, பெரும்பாலும் கீழ் இலைல மஞ்சள் புடிச்சு மெதுவா மேல ஏறும்

பாலு: அப்ப மருந்து?

ஜெயா டீச்சர்: வந்த செடிக்கு இல்லப்பா. வேரோட புடுங்கி கவர்ல கட்டி குப்பைல போடணும், கம்போஸ்டுல போட்டுறாத

செல்வி: மண்ணு போன மாசம்தான் வாங்குனேன், தக்காளிக்கு மாத்திக்கவா

ஜெயா டீச்சர்: ஐயோ வேணாம்! தக்காளி, கத்தரி, மொளகான்னா அதுக்கு விருந்து. மண்ணுல வருஷக்கணக்குல கெடக்கும்

பாத்திமா: டீச்சர் எனக்கும் ஒண்ணு, செம்பருத்தி இலைல பழுப்பு புள்ளி

ஜெயா டீச்சர்: வெளிச்சத்துக்கு நேரா தூக்கி பாரும்மா. எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஓரம் தெரியுதா? நரம்போட நின்னு கட்டம் கட்டமா இருக்கா?

பாத்திமா: ஆமா கட்டம்தான், சுத்தி மஞ்சளு

ஜெயா டீச்சர்: அதுவும் பாக்டீரியா மாதிரிதான் இருக்கு. பூஞ்சைன்னா அனேகமா வட்டமா, உள்ள வளையம் வளையமா வரும். பட்ட இலைய கிள்ளிடு, ஓஸ்ல இலை மேல அடிக்கிறத நிறுத்து, தெறிக்கிற தண்ணிலதான் பரவும்

பாலு: என்ட்ட சூடோமோனாஸ் பொடி இருக்கே, அதுவும் பாக்டீரியாதான?

ஜெயா டீச்சர்: அது நல்லவன், நடும்போதே மண்ணுல கலந்தா கொஞ்சம் காவல் இருக்கும். செம்பருத்தில புள்ளி போடுறவனுங்கள்ல அவனோட பங்காளி ஒருத்தனும் உண்டு 😄

செல்வி: டீச்சர்… தண்டறுத்த கத்தியாலயே பக்கத்து தொட்டி செண்டுக்கு நுனி வெட்டிட்டேன்

ஜெயா டீச்சர்: 🤦‍♀️ கத்திய ஸ்பிரிட்டு வச்சு தொட. அந்த தொட்டிய தனியா தள்ளி வை, ரெண்டு வாரத்துக்கு தெனமும் மத்தியானம் போய் பாரு