விசாரணைக் கோப்பில் வந்து நின்ற பொய்யன் புதிர்

‘இந்த வாக்கியம் பொய்’ என்ற புதிர் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கிரேக்கத் தத்துவவாதி யூபுலிடீஸின் காலத்திலிருந்தே இருக்கிறது. மெய் என்றால் பொய்யாகிவிடும், பொய் என்றால் மெய்யாகிவிடும். தன்னையே சுட்டும்படி வேண்டுமென்றே ஜோடித்த வாக்கியம், நிஜப் பேச்சில் இதெல்லாம் வராது என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அது அலுவலக விசாரணை ஒன்றில் நேராகவே வந்தது.

ஒரே வேலையில் இருந்த இரண்டு பேரிடம் தனித்தனியாக எழுதி வாங்கியிருந்தோம். முதலாமவர் எழுதியது ஒரே வரி: “இந்த விவகாரத்தில் அவர் சொல்வதில் பாதிக்கு மேல் பொய்.” இரண்டாமவர் ஐந்து விஷயங்கள் எழுதியிருந்தார். நான்கைக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டு மெய், இரண்டு பொய். ஐந்தாவது, முதலாமவர் என்ன எழுதினார் என்று தெரியாமலே நல்லெண்ணத்தில் எழுதியது: “இதைப் பற்றி அவர் சொல்வது எல்லாமே உண்மை.”

இப்போது எண்ணிப் பாருங்கள். முதலாமவர் சொன்னது மெய் என்றால் ஐந்தாவது வரியும் மெய். ஐந்தில் மூன்று மெய்யாகிவிடுவதால் ‘பாதிக்கு மேல் பொய்’ என்பது நிற்காது. சரி, அவர் சொன்னது பொய் என்று வைத்தால்? ஐந்தாவதும் பொய், ஆகப் பொய் மூன்று. அவர் சொன்னது மெய்யாகிவிடுகிறது!

இரண்டு வரிகளிலும் கோளாறு ஏதும் இல்லை. தினமும் யாரோ ஒருவர் சொல்லக்கூடியவைதான். அந்த நான்கில் இன்னும் ஒன்று பொய்யாக இருந்திருந்தால் புதிரே எழுந்திருக்காது. அமெரிக்கத் தத்துவவாதி சால் கிரிப்கி 1975ஆம் ஆண்டுக் கட்டுரையில் முன்னாள் அதிபர் நிக்சனையும் அவரைப் பதவியிழக்க வைத்த வாட்டர்கேட் ஊழலையும் வைத்துக் காட்டியது இதைத்தான்: ஒரு வாக்கியம் முரணில் மாட்டுமா என்பது அதன் அமைப்பை மட்டும் பார்த்தால் தெரியாது, வெளியே நடந்ததையும் பொறுத்தது. ஒரு மொழியின் மெய்யைப் பற்றி அதற்கு மேல்படியில் உள்ள மொழியில்தான் பேச வேண்டும் என்ற தர்க்கவியலாளர் டார்ஸ்கியின் வழியும் இங்கே உதவவில்லை. இவர் வரி அவருடையதற்கு மேல், அவர் வரி இவருடையதற்கு மேல். யாரை எந்தப் படியில் உட்கார வைப்பது?

கிரிப்கியின் தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. மெய்யும் பொய்யும் கீழே உள்ள உண்மைகளிலிருந்து படிப்படியாக ஏறி வர வேண்டும். இந்த இரண்டு வரிகளும் ஒன்றையொன்று பிடித்துத் தொங்குகின்றன, தரையைத் தொடவே இல்லை. அதனால் அவை மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை.

விசாரணையிலும் ஏறக்குறைய அப்படித்தான் ஐந்தாவது வரியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டோம். ஆனால் மீதி நான்கில் இரண்டுதானே பொய்? பாதிக்கு மேல் இல்லை. அப்படியானால் முதலாமவர் சொன்னது பொய். அது பொய் என்றால் ஐந்தாவது வரியும் பொய், எண்ணிக்கை மறுபடி மூன்று. ‘மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை’ என்ற தீர்ப்பை எந்த மொழியில் நின்று சொல்வது என்ற கேள்விக்குக் கிரிப்கியே டார்ஸ்கியின் மேல்படிக்குத்தான் திரும்பிப் போக வேண்டியிருந்தது.