ஈயமும் கட்மியமும் உள்ள தறையில் விதைநேர்த்தி கைகொடுக்குமா?

கேள்வி (கோண்டாவில்):
வணக்கம். எங்கள் தோட்டக்காணியின் ஒரு மூலையில் முன்பு வாகன பற்றரி திருத்தும் கொட்டில் இருந்தது. அங்குள்ள மண்ணில் ஈயம், கட்மியம் ஆகிய நச்சு உலோகங்கள் ஏனைய தறையைவிடக் கூடுதலாக இருப்பதாகப் பரிசோதனை அறிக்கை வந்துள்ளது. அங்கே கீரையும் மிளகாயும் போடுவது வழக்கம். விதையைச் சலிசிலிக் அமிலத்தில் ஊறவைத்தால் பயிர் தாங்கிக்கொள்ளும் என்று வாசித்தேன். எந்த அளவில் ஊறவைக்க வேண்டும்?

பதில் 1:
ஆய்வுகளில் அடிக்கடி காணப்படும் அளவு 0.5 மில்லிமோலர், அதாவது லீற்றருக்கு ஏறத்தாழ 69 மில்லிகிராம். செறிவு கூடினால் முளைப்பே தடைப்படும். குளிர்ந்த நீரில் இந்த அமிலம் மெதுவாகவே கரையும் என்பதால் இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஆறவிடுங்கள். மிளகாய் விதையை 12 மணி நேரமளவில் ஊறவைத்து, முளை வெளிவருமுன் எடுத்து, பழைய நிறைக்கு வரும்வரை நிழலில் உலர்த்தி, தாமதியாமல் விதையுங்கள். ஒரு பங்கு விதையை வெறும் தண்ணீரில் ஊறவைத்து ஒப்பிடுங்கள். பல வேளைகளில் நன்மையின் பெரும்பகுதி தண்ணீராலேயே கிடைக்கிறது.

பதில் 2:
அளவு சரிதான், ஆனால் இந்த நேர்த்தி காப்பது செடியை, அதை உண்பவரை அல்ல. ஊறிய விதையில் கற்றலேசு போன்ற பாதுகாப்பு நொதியங்கள் முன்கூட்டியே விழிப்பதால் நாற்று உலோகத்தின் தாக்கத்தைச் சமாளிக்கிறது. உள்ளே புகுந்த கட்மியத்தையோ செடியிலுள்ள குளுற்றாதயோன் என்னும் சேர்மத்திலிருந்து உருவாகும் சிறு புரதக்கூறுகள் பற்றிப்பிடித்துக் கலத்தினுள் சேமிப்பறைபோல இருக்கும் புன்வெற்றிடத்தில் பூட்டிவைக்கின்றன. உலோகம் இலையை விட்டுப் போவதில்லை. செழிப்பான பச்சை இலையைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஈயம் பெரும்பாலும் தூசியாகவும் மழையில் தெறிக்கும் மண்ணாகவும் இலையில் படிவதால், அந்த மூலையில் கீரை வேண்டவே வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி ஐயா. சுண்ணாம்பு இட்டால் உலோகம் கட்டுப்படும் என்கிறார்களே?

பதில் 2:
அது அமில மண்ணுக்கான வைத்தியம். உங்கள் பகுதியான வலிகாமத்தின் செம்மண் சுண்ணக்கல்லின் மேல் கிடப்பது. பெரும்பாலும் அதற்கு மேலும் சுண்ணாம்பு தேவைப்படாது. நன்கு மக்கிய கூட்டெருவும், மண்ணில் நாகச்சத்துக் (சிங்க்) குறைபாடு இருந்தால் அதைத் திருத்துவதும் பயன் தரும். கிணற்று நீரின் உவர்த்தன்மையையும் அளந்து பாருங்கள், ஏனெனில் உவர்நீரிலுள்ள குளோரைட்டு கட்மியத்துடன் இணைந்து அதைக் கரைநிலையில் வைத்திருப்பதால் வேர் எளிதில் உறிஞ்சிவிடும். மிளகாய் நட்டால் விற்கும் முன் காயைப் பரிசோதிக்க வேண்டும். அறிக்கையோடு உங்கள் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள். உண்ணாத பயிர்தானே என்று புகையிலை நட்டுவிடாதீர்கள், கட்மியத்தை இலையில் சேர்ப்பதில் அது பேர்போனது. கோயிலுக்கு விற்கும் பூச்செடி வைக்கலாம்.