புதுப்பிப்பு: ஏற்றத்தில் நின்ற மோரிஸ் மைனர் கார், பெட்ரோல் மேல் பழி போட்டது தப்பு

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். 1959 மோரிஸ் மைனர், 948 சிசி. இங்கே மொரீஷியஸில் போர்ட் லூயிசிலிருந்து க்யூர்பீப் ஏறும்போது ஃபீனிக்ஸ் பக்கம் இருமி நின்றுவிடும். அரை மணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது என்றேன் நான். பாதிப் பேர் ஆமாம் போட்டீர்கள். குழாய்க்கு உறை சுற்றியும் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை நின்ற இடத்திலேயே பார்த்துவிடுவது என்று இறங்கினேன். சாவியைப் போட்டதும் எஸ்யூ பெட்ரோல் பம்ப் நாலு 'டிக்' அடித்து அடங்கியது. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) நிரம்பினால்தான் அது அடங்கும். ஆக, பெட்ரோல் வந்திருக்கிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் நடு வயரை உருவி, அம்மாவின் துணி கிளிப்பால் இஞ்சின் பக்கம் பிடித்தேன். தம்பி ஸ்டார்ட்டரை இழுத்தான். நீலப் பொறி வரவேண்டிய இடத்தில் நோஞ்சான் மஞ்சள்! டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், பொறிக்காகத் திறந்து மூடும் பாயிண்ட் கருகிக் கிடக்கிறது.

பாயிண்ட் கருகாமல் காக்கும் குட்டி மின்தேக்கி, கண்டென்சர்தான் காரணம். சூடானால் செத்துப்போகும், ஆறினால் பிழைத்துக்கொள்ளும். போன வருடம்தான் புதிதாகப் போட்டது, அதனாலேயே சந்தேகம் வரவில்லை. கழற்றி டப்பாவில் வைத்திருந்த பழையதையே மாட்டி, பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளியை 0.38 மிமீ வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று முறை க்யூர்பீப் ஏறிவிட்டது.

பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொன்னவருக்கு: இந்த வண்டியில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது. அதற்கேற்ற கிட் கிடைத்தால் யோசிக்கிறேன் அண்ணே. இப்போதைக்குக் காவடிக்கு அம்மாவை கோர் தெ கார்து மலைக் கோவிலுக்கு இதிலேயே கூட்டிப்போகிறேன். டிக்கியில் பழைய கண்டென்சர் இன்னொன்று இருக்கிறது.