மறு: கோத்திக் கவிதையில் 'அட்மாஸ்பியர்': 'சூழுணர்வு' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கோத்திக் கவிதையில், அதாவது அச்சமும் மர்மமும் இருளும் நிறைந்த கவிதையில், 'அட்மாஸ்பியர்' (atmosphere) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: வளிமண்டலம், சூழல், பின்புலம், மெய்ப்பாடு. வளிமண்டலம் புவியியலுக்கே இருக்கட்டும். சூழலும் பின்புலமும் கதை நடக்கும் இடத்தையும் வேளையையும் குறிப்பவை. நமக்குப் பெயர் வேண்டியது இடத்துக்கு அல்ல, படிப்பவர் மனத்தில் மெல்லப் படரும் உணர்வுக்கு. அதற்குச் 'சூழுணர்வு' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போவின் 'ரேவன்' (அண்டங்காக்கை) கவிதையை எடுத்துக்கொள்வோம். 1845 ஜனவரியில் நியூயார்க்கின் 'ஈவினிங் மிரர்' இதழில் வெளியானது. டிசம்பர் நள்ளிரவு, அணைந்துகொண்டிருக்கும் கணப்பு, இறந்துபோன காதலி லெனோரை நினைத்து வாடும் ஒருவன், கதவில் யாரோ தட்டும் ஓசை. சூழல் இவ்வளவுதான். இதை அப்படியே உரைநடையில் சொன்னால் யாருக்கும் நடுக்கம் வராது.

நடுக்கத்தை ஓசைதான் கொண்டுவருகிறது. பெரும்பாலும் எட்டுச் சீர் ஓடும் நீண்ட அடிகள். ஒவ்வொரு சீரிலும் முதல் அசை அழுந்தி, அடுத்தது தளரும். அதன்மேல் 'நாப்பிங், டாப்பிங், ராப்பிங்' என்று அடியின் நடுவிலும் முடிவிலும் இயைபு (ஒத்த ஓசை) விழுகிறது. தட்டுவது செய்தியாக வராமல், தட்டலாகவே காதில் விழுகிறது. ஊதாநிறப் பட்டுத்திரை அசையும் அடியில் ஸகர ஒலிகள் அடுத்தடுத்து வருவதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். திரையின் சரசரப்பு அந்த எழுத்துகளில் இருக்கிறது.

மீள்வரி, அதாவது பத்திதோறும் திரும்ப வரும் முடிவு, இன்னும் முக்கியம். மொத்தம் 18 பத்திகள். முதல் ஏழில் ஆறு 'நத்திங் மோர்' என்று முடிகின்றன. காற்றுதான், வேறொன்றுமில்லை என்று அவன் தன்னைத் தேற்றிக்கொள்கிறான். எட்டாவதிலிருந்து எல்லாப் பத்திகளும் 'நெவர்மோர்', அதாவது இனி ஒருபோதும் இல்லை. அறைக்குள் வந்த அண்டங்காக்கை சொல்லும் சொல் அது. முதலில் அது பறவையின் பெயர்போலத்தான் தெரிகிறது, அவனுக்குப் புன்னகைகூட வருகிறது. அப்புறம் அவன் கேட்கும் கேள்விகள் மாறுகின்றன. என் துயருக்கு மருந்து உண்டா? மறுவுலகில் லெனோரைத் தழுவுவேனா? என்ன விடை வரும் என்று தெரிந்தே கேட்கிறான். சொல் அதேதான், ஆனால் ஒவ்வொரு முறையும் கனம் கூடுகிறது. கடைசிப் பத்தியில் பறவை வாய் திறக்கவில்லை, அந்தச் சொல்லை அவனே சொல்லி முடிக்கிறான். கவிதையில் எனக்கு மிகவும் அச்சம் தரும் இடம் அதுதான்.

போ 1846இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கவிதையைக் கட்டிய வரிசையைச் சொல்கிறார். படிப்பவரிடம் என்ன விளைவு வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்தாராம். பிறகு நீண்ட ஓகாரமும் ரகரமும், பிறகு அவை அமைந்த சொல், பிறகு அதைச் சொல்லும் பறவை (முதலில் நினைத்தது கிளியை!). எந்த இடத்தில் நிகழ வேண்டும் என்பதை அதற்கெல்லாம் பின்னால்தான் யோசித்திருக்கிறார். வெளியே புயலும் உள்ளே அமைதியும், பளிங்குச் சிலைமேல் கரிய பறவையும் முரணுக்காகச் சேர்த்தவை. நடந்ததைச் சற்று ஒழுங்குபடுத்திச் சொல்கிறார் என்றே வைத்துக்கொண்டாலும், இடம் வேறு, உணர்வு வேறு என்ற பிரிவு அவரிடம் தெளிவாக இருக்கிறது. நம் சொல்லிலும் அது இருக்க வேண்டும்.

மெய்ப்பாட்டை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, அச்சம் பிறக்கும் நிலைக்களனாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கையும் சொல்கிறது. ஆனால் மெய்ப்பாடு தனித்தனியே பெயரிட்ட உணர்ச்சி, மெய்யில் வெளிப்படுவது. 'ரேவன்' கவிதையில் அழுகை, மருட்கை (வியப்பு), அச்சம், இடையே ஒரு நகை எல்லாம் கலந்து ஒரே மூட்டமாக நிற்கின்றன. கலிங்கத்துப்பரணியில் பேயும் காடும் எல்லாம் உண்டு, ஆனாலும் பசியில் வாடும் அந்தப் பேய்கள் பல இடங்களில் நம்மைச் சிரிக்க வைக்கின்றன. பேய் இருப்பதால் மட்டும் அச்சம் வந்துவிடுவதில்லை. இரண்டுக்கும் சூழுணர்வு உண்டு, அது வேறுவேறானது என்று சொல்ல முடிந்தால் மாணவருக்கு ஒப்பிட வழி கிடைக்கும்.

இலக்கணப்படி இது வினைத்தொகை. சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் உணர்வு என மூன்று காலத்துக்கும் விரியும். பத்திக்குப் பத்தி கூடிவரும் உணர்வுக்கு இது பொருத்தம். சுற்றுச்சூழல் அக்கறை என்று யாரேனும் எடுத்துக்கொள்வார்களோ என்ற ஐயம் நியாயமானது. அங்கே 'விழிப்புணர்வு' என்ற சொல் ஊன்றிவிட்டது, இலக்கியப் பாடத்தில் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

அகராதிப் பதிவுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம்: 'மீள்வரியாலும் இயைபாலும் கவிஞர் இருண்ட சூழுணர்வை எழுப்புகிறார்.' பெயரடையாக வேண்டும்போது 'சூழுணர்வு செறிந்த' என்று எழுதலாம். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லை இதே வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள், ஒப்பிட எளிதாக இருக்கும். 'நெவர்மோர்' ஒற்றைச் சொல் என்பதால் அதை மீள்வரி என்பதா மீள்சொல் என்பதா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.